கண்காட்சி மாடும் கயிறு பிடித்தவர்களும்



பூதப்பாண்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஜீவா நினைவுக்கு வருவார். 1907 ஆகஸ்ட் 21இல் இங்கே பிறந்தவர் அவர். அதற்கடுத்துப் பூதலிங்கசுவாமி கோயிலும் பழையாறும் வயல்களும் நினைவுக்கு வரும். இந்த வயல்களில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைந்தது யாருடைய உடம்பால் என்ற கேள்விக்கு நாஞ்சில் நாட்டு வரலாற்று நூல்களில் பதில் உண்டு, ஆனால் சுருக்கமாகவே உண்டு. மனித உடம்போடு இன்னொரு உடம்பும் அந்த வயலில் உழைத்தது. அது மாட்டின் உடம்பு. இந்த நினைவுரையில் அந்த இரண்டு உடம்புகளுக்கும் இடையில் இருந்த கயிற்றைப் பற்றிப் பேச நினைக்கிறோம். மாட்டை வளர்ப்பது, அலங்கரித்து ஊர் முன்னால் நிறுத்துவது, பரிசு வாங்குவது, கடைசியில் அதன் இறைச்சியைத் தின்பது ஆகிய எல்லாம் ஒரே தொழிலின் படிகள்தான். நம் நாட்டில் சாதி அவற்றைப் பிரித்து, சிலவற்றை மேடையிலும் சிலவற்றைச் சேரியிலும் வைத்துவிட்டது.

அமெரிக்கச் சிற்றூர்களில் மாவட்டத்துக்கு மாவட்டம் ஆண்டுதோறும் வேளாண் கண்காட்சி நடக்கும். 1810ஐ ஒட்டி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டில் எல்க்கனா வாட்சன் என்பவர் தொடங்கிய கால்நடைக் காட்சியைத்தான் அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். அங்கே பள்ளிப் பிள்ளைகள் ஒரு கன்றை வாங்கி ஓராண்டுக்கு மேல் வளர்ப்பார்கள். தீவனக் கணக்கு எழுதுவார்கள், எடை போடுவார்கள், குளிப்பாட்டி முடி சீவிவிடுவார்கள். கண்காட்சி நாளில் அந்தப் பிள்ளையே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வட்டத்துக்குள் நடக்கும். நடுவர் மாட்டின் முதுகுச் சதையையும் தொடைச் சதையையும் தொட்டுப் பார்த்து மதிப்பிடுவார். அது இறைச்சிக்காக வளர்ந்த மாடு என்பதை ஒருவரும் மறைப்பதில்லை. பிறகு ஏலம். மாடு இறைச்சிக்கூடத்துக்குப் போகும், பணம் பிள்ளையின் படிப்புக்கோ அடுத்த கன்றுக்கோ போகும். மாட்டைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் அழுவதும் உண்டு. அழுகையும் எல்லோர் முன்னிலையில்தான்.

அங்கே இரண்டு வகைப் பரிசுகள் உண்டு. ஒன்று மாட்டுக்கு. மற்றொன்று மாட்டைக் கையாண்டவருக்கு. மாடு சுமாராக இருந்தாலும், அதை நிறுத்திய விதமும் நடத்திய விதமும் நன்றாக இருந்தால் கயிறு பிடித்தவருக்குத் தனிப் பரிசு. அமெரிக்காவை உயர்த்திப் பேச இதைச் சொல்லவில்லை. அந்த நாட்டுக் கண்காட்சித் திடல்களிலும் கறுப்பின மக்கள் நீண்ட காலம் ஒதுக்கியே வைக்கப்பட்டிருந்தார்கள். ஆனால் கயிறு பிடித்தவருக்குப் பரிசு என்ற அந்த ஒரு விதி நம் ஊருக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கண்காட்சி மரபின் ஒரு கிளை இந்த மாவட்டத்துக்கே வந்தது. 1921இல் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் கிராமப் புனரமைப்பு மையம் தொடங்கினார். அவர் அமெரிக்கர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். இந்தியாவில் வேளாண் விரிவாக்கம் படிக்கிற மாணவர்கள் எல்லோரும் சாந்திநிகேதன், குர்கான் திட்டங்களோடு சேர்த்து மார்த்தாண்டத்தையும் மனப்பாடம் செய்திருப்பார்கள். நூறு கிராமங்களை எட்டிய அந்த மையத்தில் மாதிரித் தேன்கூடுகள் இருந்தன, நல்ல முட்டையிடும் கோழிகள் இருந்தன, நெசவுக் கொட்டகை இருந்தது. பரிசுக் காளையும் இருந்தது. தேன் விற்கத் தேன் கழகம், முட்டை விற்க முட்டைக் கழகம். அதுபோலவே காளைக் கழகம். தனியாக ஒரு நல்ல பொலிகாளை வாங்க முடியாதவர்கள் கூட்டாக அதன் பயனைப் பெறலாம் என்பது அதன் கருத்து.

தேன் பிழைத்துக்கொண்டது. மார்த்தாண்டம் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் 1937இல் உருவாகி, இன்றும் அந்த ஊர்ப் பெயர் தேனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. காளைக் கழகம் பாடநூலில் ஒரு வரியாகத் தங்கிவிட்டது. எங்கள் பார்வையில் இதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. தேன்பெட்டி வைக்க நிலம் வேண்டாம், ரப்பர் மரத்தடி போதும், அடுத்தவர் தோட்டத்துப் பூவே தீவனம். மாட்டுக்குத் தொழுவம் வேண்டும், வைக்கோல் வேண்டும். வைக்கோலுக்கு வயல் வேண்டும். வயல் யாரிடம் இருந்தது என்பதை இந்த அவையில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வயலின் கதைக்குப் பூதப்பாண்டியிலிருந்து கொஞ்ச தூரம் போனால் போதும். இதே தோவாளை வட்டத்தில் அழகியபாண்டியபுரம் இருக்கிறது. அங்கே ஒரு முதலியார் குடும்பத்தில் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து கிடந்த ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கண்டெடுத்தார். பின்னாளில் அ.கா. பெருமாள் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். ‘முதலியார் ஓலைகள்’ என்று நாம் சொல்வது அவற்றைத்தான். அவற்றில் நில ஆவணங்கள், வரி ஆவணங்களோடு மனிதர்களை விற்ற ஆவணங்களும் இருக்கின்றன. நிலத்தை ஒற்றி வைப்பதுபோல் அடிமையை ஒற்றி வைத்திருக்கிறார்கள். திருவிதாங்கூரில் 1855இல் பிரகடனம் மூலம் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதுவரை இந்த வயல்களில் ஏர் பிடித்த பறையரும் புலையரும் சட்டப்படி ஒருவருடைய உடைமை. ஏரில் பூட்டிய மாடும் ஒருவருடைய உடைமை. இரண்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே.

அந்தக் காலத்தைப் பற்றிய நினைவுகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. நுகத்தின் ஒரு பக்கம் மாட்டையும் மறுபக்கம் அடிமை மனிதனையும் பூட்டி உழுதார்கள் என்பது அது. மிஷனரிகள் எழுதியிருக்கிறார்கள். பொய்கயில் அப்பச்சன் (1879–1939) நிறுவிய பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையின் வாய்மொழி மரபு இதைப் பாட்டாகவே காத்து வைத்திருக்கிறது. மிஷனரி எழுதியதை மிகைப்படுத்தல் என்று ஒதுக்குகிற வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். நுகத்துக்குக் கீழே இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பாடுவதை எப்படி ஒதுக்குவது?

இந்து அரசாகத் தன்னை அறிவித்துக்கொண்ட அதே திருவிதாங்கூரில் பசுவைக் கொல்வது அரசு தண்டிக்கும் குற்றம். 1750இல் மார்த்தாண்டவர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்தார். தெய்வத்தின் நாட்டில் பசுவுக்குப் பாதுகாப்பு இருந்தது, அதே நுகத்தில் நின்ற மனிதனுக்கு 1855 வரை விலைதான் இருந்தது. (இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். மரச்சீனிக் கிழங்கைச் சாதாரண மக்களின் உணவாகப் பரப்பியதில் 1880இல் பட்டத்துக்கு வந்த விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று குமரி மாவட்டத்தில் மரச்சீனியை எதோடு சேர்த்துத் தின்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். மகாராஜா எதிர்பார்த்த துணைக்கறி அதுவாக இருந்திருக்காது.)

இதே திருவிதாங்கூரில்தான் மாட்டை வைத்து நம் முன்னோர் நடத்திய மிகப் பெரிய காட்சியும் நடந்தது. அதற்கு எந்த அரசுத் துறையும் பரிசு தரவில்லை. 1893இல் வெங்ஙானூர் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். இரண்டு வெள்ளைக் காளைகள் வாங்கினார். கழுத்தில் மணி கட்டினார். வேட்டி உடுத்தி, தலைப்பாகை கட்டி, புலையர் நடக்கவே கூடாத பொதுச் சாலையில் வண்டியை விட்டார். வழி மறித்தவர்களோடு மோதல் நடந்தது. அந்தக் காளைகள் வயலில் உழுவதற்காக வாங்கப்பட்டவை அல்ல. ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வாங்கப்பட்டவை. அடிமைமுறை ஒழிந்து நாற்பது ஆண்டு முடியும் முன்னால், மாட்டின் கயிறு முதல்முறையாகப் பண்ணையாரின் மாட்டுக்கானதாக இல்லாமல், பிடித்தவரின் சொந்த மாட்டுக்கானதாக இருந்தது. கால்நடைக் கண்காட்சி வரலாற்றை யாராவது எழுதினால் அந்தச் சாலையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் மாட்டுக் காட்சிகள் கோயில் திருவிழாவோடு ஒட்டி வளர்ந்தவை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா, காங்கேயம் பக்கம் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர், மதுரைச் சித்திரைத் திருவிழா எல்லாவற்றிலும் மாட்டுச் சந்தை கூடும். தாவணி என்பது மாடுகளை வரிசையாகக் கட்டும் கயிறு, அதனால் சந்தைக்கும் அதே பெயர். மதுரையில் அந்தச் சொல் இன்று ஒரு பேருந்து நிலையத்தின் பெயராக மிஞ்சியிருக்கிறது. அங்கே பல் பிடித்துப் பார்ப்பார்கள். நாலு பல்லா, ஆறு பல்லா, கடை சேர்ந்ததா என்று வயது சொல்வார்கள். சுழி பார்ப்பார்கள். தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். இத்தனை பேச்சிலும் ஒரு சொல் மட்டும் வராது. கறி என்ற சொல் வராது. பல் விழுந்த மாட்டை வாங்குகிறவர் எதற்கு வாங்குகிறார் என்று விற்பவருக்குத் தெரியும், தரகருக்கும் தெரியும், மாட்டைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சொல்ல மாட்டார்கள்.

காங்கேயம் மாட்டின் புகழுக்குப் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பெயரைச் சொல்வார்கள். இனத்தைத் தேர்ந்து பெருக்கியதில் அவர் குடும்பத்தின் பங்கை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கொங்கு நாட்டுத் தொழுவங்களில் பண்ணையாளாக இருந்து சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, மேய்ச்சலுக்கு ஓட்டி, கிணற்றில் கவலை இறைத்தவர்களில் பெரும்பகுதி அருந்ததியர்கள். கவலைச் சாலுக்கான தோலைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்களும் அவர்களே. உயிரோடிருந்த மாட்டின் கயிறும் செத்த மாட்டின் தோலும் ஒரே கையில் இருந்தன. எந்தக் காளை நன்றாக இழுக்கும், எந்தக் கன்று தேறும் என்ற அறிவு அந்தக் கையில் இல்லாமல் வேறு எங்கே இருந்திருக்கும்? பதக்கத்தில் பெயர் பொறித்தபோது உடைமையாளர் பெயரைப் பொறித்தார்கள். படம் எடுத்தபோது மாட்டின் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். படத்துக்குக் கீழே மாட்டின் இனம் இருக்கும், உரிமையாளர் பெயர் இருக்கும். நிற்பவர் யார் என்று இருக்காது.

இந்தப் பழக்கம் புதியதல்ல. பெரியபுராணத்தில் ஆதனூர் நந்தனார் கோயில்களுக்கு எதைக் கொடுத்தார் என்று சேக்கிழார் கணக்காகவே சொல்கிறார். முரசுக்குப் போர்த்தத் தோல், கட்ட வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. எல்லாம் மாட்டிலிருந்து வந்தவை. பொருள் கோயிலுக்குள் போனது, கொண்டுவந்தவர் வாசலில் நின்றார். கோரோசனை மாட்டின் பித்தப்பையில் கிடைப்பது. செத்த மாட்டை அறுக்காமல் அது எப்படிக் கைக்கு வரும் என்று பூசை செய்தவர் யாரும் கேட்டதாகப் புராணத்தில் இல்லை. சங்க இலக்கியத்துக்குப் போனால் இந்த மறைப்பு அவ்வளவாக இல்லை. அகநானூற்றுப் பாலைப் பாடல்களில் ஆநிரை கவர்ந்த மழவர் கொழுத்த ஆவைக் கொன்று தின்கிற காட்சி வெளிப்படையாகவே வருகிறது. ஆக இடையில் ஏதோ நடந்திருக்கிறது.

என்ன நடந்தது என்பதற்கு அம்பேத்கர் 1948இல் ‘தீண்டப்படாதார் யார்’ நூலில் ஒரு விடை முன்வைத்தார். பௌத்தத்தோடு நடந்த போட்டியில் பிராமணியம் மாட்டுக்கறியைக் கைவிட்டுப் பசுவைப் புனிதமாக்கியது, தொடர்ந்து மாட்டுக்கறி தின்ற சிதறுண்ட மக்கள் தீண்டப்படாதவர்கள் ஆக்கப்பட்டார்கள் என்பது அவருடைய வாதம். இந்த வாதத்தின் காலக்கணக்கில் கேள்வி எழுப்புகிற ஆய்வாளர்கள் உண்டு, எழுப்பட்டும். உணவைப் பழக்கமாகப் பார்க்காமல் அரசியல் வரலாறாகப் பார்க்க வேண்டும் என்று அவர் காட்டிய திசை நமக்குப் போதும்.

இங்கே மாணவத் தோழர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று வருகிறது. அதே அம்பேத்கர்தானே 1927இல் மகாடில் செத்த மாட்டின் கறியை விடுங்கள் என்று சொன்னார்? சிதம்பரம் வட்டாரத்தில் இளையபெருமாள் போன்ற தலைவர்கள் செத்த மாடு தூக்க மறுக்கச் சொன்னார்களே? அவர்கள் விடச் சொன்னதை நாம் இன்று உரிமை என்று பேசுவது முரண் இல்லையா? எங்களுக்கு முரண் தெரியவில்லை. செத்த மாட்டைத் தூக்குவது கூலியில்லாத ஊர்க் கடமை. அதன் கறி அந்தக் கடமைக்குத் தரப்பட்ட கூலி. தின்ன ஆசைப்பட்டுத் தின்றது அல்ல, வேறு கூலி இல்லாததால் தின்றது. அதை மறுப்பது கூலி உயர்வுப் போராட்டம் போன்றது. சந்தையில் காசு கொடுத்து நல்ல மாட்டின் கறியை எடை போட்டு வாங்குவது வேறு. முதலாவதில் ஊர் நம் கையில் திணித்தது, இரண்டாவதில் நாம் தேர்ந்தெடுக்கிறோம். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, சுரேந்திரநகர் மக்கள் செத்த மாடுகளை ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதுவும் ஒரு கால்நடைக் காட்சிதான். இறந்தபின் மாடு எங்கே போகிறது என்பதை அரசு அன்றுதான் வாசலில் பார்த்தது.

உலகத்தின் மறுகோடியில் இதே மாட்டுக்கு வேறு கதை. பழைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர், ஓங்கோல் பகுதி மாடுகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேறின. 1960களின் தொடக்கத்தில் கடைசிப் பெரிய தொகுதி போனது. அங்கே அந்த இனத்துக்கு நெலோர் என்று பெயர், நெல்லூர்தான் அது. பிரேசிலின் இறைச்சி மாட்டு மந்தைகளில் மிகப் பெரும் பங்கு இன்று நெலோர்தான். உபெராபா நகரில் ஆண்டுதோறும் இந்தத் திமில் மாடுகளுக்குக் கண்காட்சி நடக்கிறது. 2023இல் வியாட்டினா-19 என்ற நெலோர்ப் பசுவின் மதிப்பு 40 லட்சம் டாலரைத் தாண்டி உலகச் சாதனை ஆனது. நம் ஊர் மாடு அங்கே கறி மாடு என்ற பெயரோடு மேடையேறிப் பரிசு வாங்குகிறது. அதன் தாயகத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் கட்டிவைத்து அடிக்கிறார்கள்.

சட்டம் இந்த மௌனத்துக்கு எப்படித் துணை போகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயதைக் கடந்தது, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாதது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் இங்கே அறுக்கலாம். 1976இல் அரசாணை ஒன்று பசுக்களையும் கிடாரிகளையும் இறைச்சிக்கூடங்களில் அறுப்பதைத் தடுத்தது. அமெரிக்கப் பிள்ளை இரண்டு வயதுக்குள் வளர்த்துக் காட்டுகிற கறி மாடு என்ற வகையே நம் சட்டத்தில் இல்லை. உழைத்துத் தேய்ந்த மாட்டைத்தான் நாம் தின்ன வேண்டும். பண்ணையில் தேய்ந்தவர்களுக்குப் பண்ணையில் தேய்ந்த மாடு.

2017 மே 23ஆம் தேதி மத்திய அரசு கால்நடைச் சந்தைகளுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. சந்தைக்கு வரும் மாட்டை இறைச்சிக்காக விற்கவில்லை என்று விற்பவரும், அதற்காக வாங்கவில்லை என்று வாங்குபவரும் எழுதிக் கொடுக்க வேண்டும். துண்டுக்கடியில் இத்தனை காலம் சொல்லாமல் விட்டதை இனி இல்லை என்று எழுத்தில் சத்தியம் செய்ய வேண்டும். கொம்புக்கு வண்ணம் பூசுவதையும் அணிகலன் பூட்டுவதையும் அதே விதிகள் தடுத்தன என்பது பலருக்கு நினைவிருக்காது. மே 30இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. அந்த வாரங்களில் கேரளத்துக்குப் போகும் மாட்டு வண்டிகளை மறித்தவர்கள் யார், வண்டியில் இருந்த ஓட்டுநரும் உதவியாளரும் எந்தச் சமூகத்தவர் என்று ஆரல்வாய்மொழி வழியைப் பற்றி ஆராய யாராவது முன்வந்தால் நல்லது.

ஆராய்ச்சி என்று சொன்னதால் ஒரு வேண்டுகோள். நாஞ்சில் நாட்டில் உழவு மாடு மறைந்து டிராக்டர் வந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. களத்தில் மாடு கட்டிச் சூடடித்தவர்கள் எழுபது, எண்பது வயதில் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் யாருடைய மாடு என்று கேட்காதீர்கள், அது பத்திரத்திலேயே இருக்கும். கயிறு யார் கையில் இருந்தது, நாள் கூலி என்ன, மாட்டுக்கு நோவு வந்தால் என்ன பச்சிலை கொடுத்தார்கள், செத்தால் யாரைக் கூப்பிட்டார்கள், தோலை யார் எடுத்துக்கொண்டார்கள், கறியை எப்படி உப்புக்கண்டம் போட்டார்கள் என்று கேளுங்கள். அம்மாமார்களிடம் கட்டாயம் கேளுங்கள். தொழுவம் கூட்டியது பெரும்பாலும் அவர்கள்தான், மாட்டைப் பற்றிய எழுத்தில் அவர்கள் ஆண்களைவிடவும் காணாமல் போனவர்கள்.

கண்காட்சியிலிருந்து கறியை நீக்குகிற பழக்கம் பழங்கதை இல்லை என்பதற்கு ஆம்பூர் ஒன்று போதும். திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் 2022 மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. தோல் தொழிலால் வளர்ந்த ஊர் அது, மாட்டுக்கறி பிரியாணிக்கும் பெயர் பெற்ற ஊர். திருவிழாவில் கோழி, ஆடு உண்டு, மாட்டுக்கறிக்கு இடமில்லை என்று சொல்லப்பட்டது. தோல் வேண்டும், கறி வேண்டாம். நந்தனார் காலத்துக் கணக்கு அப்படியே நிற்கிறது. திருவிழாத் திடலுக்கு வெளியே மாட்டுக்கறி பிரியாணியை இலவசமாக வழங்குவோம் என்று அமைப்புகள் அறிவித்தன. மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம், இதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று மாவட்ட நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டது. திருவிழாவுக்கு முந்தைய நாள் அறிவிப்பு வந்தது. மழை எதிர்பார்க்கப்படுவதால் விழா ஒத்திவைக்கப்படுகிறது என்று அதில் இருந்தது.